எல்ஸியக்கா வீட்டுச் சவுக்காரம்

விமலா: ...அதெல்லாம் முடியாதுக்கா. நீங்கதான் வரணும். உங்கள விட்டா நான் வேற யார கூட்டிட்டுப் போவேன்?

எல்ஸி: முதல்ல அந்தக் குவாலிச் சட்டிய வச்சிட்டு வா லா. வீட்டுக்கு வந்தவ கையில மங்கு கழுவக் குடுத்தேன்னு நாளைக்கு புந்தோங் ஊரு பூரா பேசுவாங்க.

விமலா: பேசட்டும். இங்க பாருங்க, பெலாச்சான் சம்பால் வறுத்த குவாலி. நான் காய்ச்சுன சவுக்காரம் ஒரே சொட்டுதான் ஊத்துனேன். எப்படிப் பொங்குது பாத்தீங்களா?

எல்ஸி: ம்... பொங்குது.

விமலா: மோந்து பாருங்க. இந்தாங்க... லீமாவ் பூருட் எலுமிச்ச எலை வாசம். இது என் கை வாசம்க்கா. ஊருல உள்ள சவுக்காரத்தையெல்லாம் வரிசையா வச்சாலும் கண்ண மூடிக்கிட்டு என்னோடத எடுத்துருவேன்.

எல்ஸி: மூக்குக்குள்ளயே தேச்சிடாத. கோப்பி ஆறுது, வா.

விமலா: பீசாங் கோரேங் கடையில வாழப்பழம் பொரிச்சுட்டுக் கழிச்சு ஊத்துற எண்ணெய்... சாக்கடையில போயி, அப்புறம் கிந்தா ஆத்துல போயி சேர வேண்டியது. அது இப்ப உங்க குவாலிய வெளக்குது. நெனச்சா எனக்கே புல்லரிக்குதுக்கா.

எல்ஸி: உக்காரு. கோப்பியக் குடிச்சிட்டு புல்லரிச்சுக்க.

விமலா: சரி. ஒரு தடவ சொல்லிப் பாத்துருவோம். நான்தான் லிம் தவுக்கே, கடை மொதலாளி. நீங்க நீங்களேதான்.

எல்ஸி: இப்ப எதுக்கு இந்த நாடகம்?

விமலா: அக்கா, அந்த ஆளு ஈப்போவுல மூணு மினிமார்க்கெட் வச்சிருக்காரு. நான் போத்தல தூக்கிட்டுப் போயி நின்னப்ப என்ன சொன்னாரு தெரியுமா? "அம்மா, நல்லா இருக்குன்னு சொல்றவங்க நெறைய பேரு. ரெண்டாவது தடவ வாங்குன ஒருத்தர கூட்டிட்டு வா. அப்பதான் என் கடையில எடம்"னாரு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு.

எல்ஸி: ஒருத்தர்தானே? குமுதாவ கூட்டிட்டுப் போயேன். அதுக்கு வாய் நல்லா இருக்கு.

விமலா: குமுதா என் போத்தல்ல மணி பிளான்ட் வளக்குது.

எல்ஸி: சமந்தா?

விமலா: ஷோகேஸ்ல வச்சிருக்கு. ஆஸ்திரேலியாவுலேருந்து வந்த கங்காரு பொம்ம பக்கத்துல.

எல்ஸி: மங்களம்? மங்களம் ஆசப்பட்டு வாங்குனுச்சே...

விமலா: இன்னும் மூடியே தொறக்கல. நல்ல நாள் ஏதாச்சும் வரட்டும்னு வச்சிருக்காம். சட்டி கழுவுறதுக்கு நல்ல நாள் பாக்குற ஆள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?

எல்ஸி: கண்ணாடிப் போத்தலா வேற போச்சா... காப்பிக் கலர்ல, மரமூடி போட்டு, பாக்க அழகா வேற இருக்கு. தூக்கிப் போட மனசு வராதுல்ல.

விமலா: போத்தல் அழகா இருக்கு, சரி. உள்ள இருக்கிறது தீந்ததும் சனிக்கிழமச் சந்தையில எங்க மேசைக்கு வந்து ரொப்பிக்கணும்ல? அதுக்குத்தானே கண்ணாடிப் போத்தல்? ஒருத்தரும் வரல. நீங்க ஒருத்தர்தான்க்கா. சொல்லுங்க. "ஆ, ஆண்ட்டி, இந்த சவுக்காரம் எப்படி?"

எல்ஸி: இது... ரொம்ப நல்ல சவுக்காரம்னு எல்லாரும் சொல்றாங்க.

விமலா: எல்லாரும் இல்ல. நீங்க.

எல்ஸி: நானும்... எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கன்னு சொல்றேன்.

விமலா: அக்கா! "தெனம் இதுலதான் மங்கு கழுவுறேன், தீந்தா மறுபடி வாங்குறேன்." இவ்வளவுதான்.

எல்ஸி: "இந்தப் போத்தல் தெனம் என் சிங்க் பக்கத்துலதான் இருக்கு." இப்படிச் சொன்னா போதும்ல?

விமலா: இருக்குன்னா என்ன அர்த்தம்? அதென்ன உண்டியலா, சும்மா உக்காந்திருக்க?

எல்ஸி: எனக்கு காலைலேருந்தே தல ஒரு மாதிரியா...

விமலா: காடியில ஏசி போட்டா சரியாயிடும்.

எல்ஸி: இன்னிக்கு வெள்ளிக்கிழம விமலா. தவக்காலம். சிலுவப்பாத இருக்கு கோயில்ல.

விமலா: அது ராத்திரி எட்டு மணிக்குக்கா. ஏன் இப்படி வழுக்குறீங்க? போன வருசம் கோயில் ஹால்ல மைக்கப் புடிச்சுப் பேசுனது யாரு? "இந்தத் தவக்காலத்துல கறிய மட்டும் விட்டா போதாது, பிளாஸ்டிக்கையும் விடுங்க, ஆண்டவர் படைச்ச ஆத்தக் காப்பாத்துங்க"... நான் பின்னாடி உக்காந்து அழுதுட்டேன்க்கா.

எல்ஸி: எல்லாரும் கை தூக்குனாங்கல்ல?

விமலா: தூக்குனாங்க. வாங்குவீங்களான்னு கேட்டா ரெண்டு கையையும் தூக்குறாங்க. வாங்குங்கன்னா அதே கை பைக்குள்ள போவ மாட்டேங்குது. அதனாலதான் உங்களக் கேக்குறேன். நீங்க சொன்னத செய்றவங்க.

எல்ஸி: ஐயோ... அப்படியெல்லாம் சொல்லாத.

விமலா: சொல்லுவேன். துளசிக்கா கிலாங் பேக்டரிலேருந்து தெனம் போன் அடிக்குது. ராத்திரி ஷிப்டுல ஆள் இல்லையாம், மறுபடி வாரியான்னு. இன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும். தவுக்கே எடம் குடுத்தா நான் சவுக்காரம் காய்ச்சுவேன். குடுக்கலன்னா மறுபடி அந்த முக்காட்டப் போட்டுக்கிட்டு, விடிய விடிய நின்னுக்கிட்டே வயர் மாட்டணும். உங்க ஒரு வார்த்ததான்க்கா.

எல்ஸி: ...விமலா.

விமலா: சொல்லுங்க.

எல்ஸி: நான் காலைலதான் பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன்.

விமலா: நல்லது. அதுக்கென்ன?

எல்ஸி: காலைல பண்ணிட்டு, சாயங்காலமே போயி பொய் சொல்லச் சொல்றியே...

விமலா: யாரு பொய் சொல்லச் சொன்னா? உள்ளத சொல்லுங்கன்னுதானே...

எல்ஸி: இன்னொரு கோப்பி ஊத்தட்டுமா?

விமலா: அக்கா, என் மூஞ்சியப் பாருங்க.

எல்ஸி: அந்தப் போத்தல்ல இருக்கிறது உன்னோடது இல்ல லா.

விமலா: எந்தப் போத்தல்?

எல்ஸி: இப்ப குவாலி கழுவுனியே... அது. உன் முதல் போத்தல் தீந்ததும் கழுவிக் காய வச்சு, கடை சவுக்காரத்த ஊத்தி வச்சிட்டேன். சிங்குக்குக் கீழ பெருசா மஞ்ச பிளாஸ்டிக் போத்தல் இருக்கு. அதுலேருந்து எடுத்து எடுத்து உன்னோடதுல ரொப்பி வைப்பேன்.

விமலா: ...எதுக்கு?

எல்ஸி: செபமாலைக்கு ஆளுங்க வாராங்க. நீ வார. மைக்குல பேசுனவ வீட்டுல மஞ்ச போத்தல் நின்னா நல்லாவா இருக்கும்?

விமலா: அப்ப... தீந்ததும் உங்க வீட்டுக்காரர் டொமினிக் அண்ணே எங்க மேசையில வாங்கிக்கிறார்னு சொன்னீங்களே?

எல்ஸி: சும்மா சொன்னேன்.

விமலா: நான் எங்க வீட்டுக்காரர கேட்டேனேக்கா! சனிக்கிழம பாசார்ல மேசையப் பாத்துக்கிறது அவருதானே. "ஆமா, மச்சான் மாசாமாசம் ரொப்பிட்டுப் போறாரு"ன்னாரு!

எல்ஸி: தர்மேந்திரன் நல்ல மனுசன். உன் மனசு நோவக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு.

விமலா: அவரும் பொய்யா!

எல்ஸி: ஐயோ, அவர இதுல இழுக்காத...

விமலா: ஏன்க்கா ஏங்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லல?

எல்ஸி: எப்படிச் சொல்றது? நீ கிலாங் வேலைய வுட்டுட்டு, வெயில்ல வெந்து, சட்டியில வெந்து ஒண்ணு காய்ச்சிட்டு வந்து, கண்ண விரிச்சுக்கிட்டு "எப்படிக்கா"ங்கிற. நுரையே வரல விமலா. எனக்கு நுரை வரலன்னா கழுவுன மாதிரியே இருக்காது. ரெண்டாவது, பீசாங் கோரேங் வாசம். மங்குல சோறு போட்டு வச்சா டொமினிக் "இன்னிக்குப் பலகாரமா?"ன்னு கேட்டுக்கிட்டு வாராரு.

விமலா: அது முதல் காய்ச்சல்! அப்புறந்தான் எண்ணெய மூணு தடவ வடிகட்டி, தேங்காண்ணெய் கலந்து, லீமாவ் எலை போட்டு மாத்திட்டேனே! உங்ககிட்ட வந்து சொன்னேனே!

எல்ஸி: சொன்ன. நானும் "அப்படியா, நல்லது"ன்னேன்.

விமலா: ஒரு தடவ ஊத்திப் பாத்திருக்கலாம்ல?

எல்ஸி: பாத்திருக்கலாம். ஆனா ஒரு தடவ மனசு வுட்டுப் போச்சுன்னா... வெலையும் கொஞ்சம் கூடதானே. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். எனக்கே வெக்கமா இருக்கு லா.

விமலா: ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப சாம்பல்ல தேச்சோமே, அதுல எங்க நுரை வந்துச்சு?

எல்ஸி: அதனாலதான் நான் ஈப்போவுக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தேன்.

விமலா: சிரிக்காதீங்க!

எல்ஸி: சரி, சிரிக்கல.

விமலா: சிங்குக்குக் கீழ ஒளிச்சு வச்சு... யாராச்சும் கடை சவுக்காரத்த இப்படி ஒளிச்சு வைப்பாங்களாக்கா? திருட்டுச் சாமான் மாதிரி! அதுக்குப் பதிலா துணிச்சலா வாங்குறோம்னு மேலயே வச்சிருக்கலாம். நான் பாட்டுக்கு அத மோந்து பாத்துட்டு... இருங்க. இருங்க. அப்ப அந்த வாசம்?

எல்ஸி: எந்த வாசம்?

விமலா: லீமாவ் பூருட்னு சொன்னேனே. என் கை வாசம்னு...

எல்ஸி: கடைக்காரனும் எலுமிச்ச வாசம் போடுறான்ல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வாசம்தானே... விமலா. ஏ, விமலா... அழாத லா.

விமலா: நீங்க வாங்காததுக்கு அழலக்கா. நான் காய்ச்சுனது எதுன்னு எனக்கே தெரியல. கடை சவுக்காரத்த மோந்து பாத்துட்டு "ஆஹா என்னோடது"ன்னு ஆடிட்டு நிக்கிறேன். காய்ச்சுறவளுக்கே வித்தியாசம் தெரியலன்னா வாங்குறவங்க எதுக்குக் கூடக் குடுத்து வாங்கணும்? நீங்க செஞ்சதுதான் சரி.

எல்ஸி: என்னய நாலு திட்டு திட்டு. இப்படிப் பேசாத. கேக்கவே கஷ்டமா இருக்கு.

விமலா: போன எடுங்க. அந்தப் பக்கம்... ம்.

எல்ஸி: யாருக்கு அடிக்கிற?

விமலா: துளசிக்காவுக்கு. திங்கக்கிழமலேருந்து வாரேன்னு சொல்லிடுறேன்.

எல்ஸி: இரு இரு... ஒரு பத்து நிமிசம் இரு! நான் வேணா தவுக்கேகிட்ட வந்து சொல்றேன். பொய்தானே, சொல்லிட்டுப் போறேன். அடுத்த வாரம் மறுபடி பாதர்கிட்ட போயி நிக்கிறேன்.

விமலா: வேணாம்க்கா. பொய்யில வச்ச போத்தல் ஷெல்ப்ல எத்தன நாளைக்கு நிக்கும்... ப்ச், எடுக்க மாட்டேங்குது.

எல்ஸி: நல்லது. வை கீழ. மோட்டார் சத்தம் கேக்குது, அவரு வந்துட்டாரு. கண்ணத் தொட.

டொமினிக்: என்ன, ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? பெரிய வெள்ளி இன்னும் வரலியே?

எல்ஸி: கேலி பண்ணாதீங்க. விமலாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

டொமினிக்: என்ன எல்லாத்தையும்?

எல்ஸி: கடை சவுக்காரத்ததான். நீங்க மாசாமாசம் ஹைப்பர்மார்க்கெட்லேருந்து வாங்கிட்டு வாரீங்களே, மஞ்ச போத்தல், அத ஊத்திக்கிட்டுதான் உன்னோடதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்னு சொல்லிட்டேன். இவ இங்க உக்காந்து அழுவுறா.

டொமினிக்: ஓ...

எல்ஸி: என்ன ஓ?

டொமினிக்: கோப்பி இருக்கா?

எல்ஸி: ஏங்க, ஒருத்தி அழுதுகிட்டு இருக்கா, உங்களுக்குக் கோப்பி!

டொமினிக்: இல்ல, குடிச்சிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன்.

விமலா: என்னண்ணே? என்ன சொல்லப் போறீங்க?

டொமினிக்: அது வந்து விமலா... அந்த ஹைப்பர்மார்க்கெட்ல பார்க்கிங் தேடித் தேடி எனக்கு முழங்கால் போயிடுச்சு. ஒரு சவுக்காரத்துக்கு மூணு மாடி ஏறி எறங்கணும். தர்மேந்திரன் மேசை நான் கோப்பி குடிக்கிற எடத்துக்கு நேர் எதுத்தாப்புல...

எல்ஸி: சுத்தி வளைக்காதீங்க.

டொமினிக்: "தீந்துட்டா இந்தப் போத்தல கையோட எடுத்துட்டுப் போயி, இதே மாதிரி பாத்து வாங்கிட்டு வாங்க"ன்னு நீதானே காலி போத்தல கையில குடுத்து வுடுவ? நான் அத அப்படியே மச்சான்கிட்ட நீட்டுனேன். தோங் பீப்பாயிலேருந்து ஊத்திக் குடுத்தாரு.

எல்ஸி: எதுல?

டொமினிக்: மஞ்ச போத்தல்லதான்.

எல்ஸி: எப்பலேருந்து!

டொமினிக்: ...தீவாளிக்கு முன்னாடிலேருந்து.

விமலா: அண்ணே! அப்ப தர்மேந்திரன் சொன்னது...

டொமினிக்: உண்மதான். மாசாமாசம் ரொப்புறேன்.

எல்ஸி: பொய்! இந்த லேபிளெல்லாம் வெளுத்துப் போயிருக்கேன்னு கேட்டதுக்கு, "பழைய ஸ்டாக்கு, கடையில வேற இல்ல"ன்னு சொன்னீங்களே!

டொமினிக்: அது ஒண்ணு மட்டும் பொய். அத பாதர்கிட்ட போன வருசமே சொல்லிட்டேன்.

எல்ஸி: ஏங்கிட்ட சொல்லியிருக்கணும்ல!

டொமினிக்: சொன்னா நீ தொடுவியா? "நுரை வராது, பலகார வாசம் அடிக்கும்"னு சிங்க் பக்கமே வுட்டிருக்க மாட்ட. சொல்லாம குடுத்தேன். ரெண்டாவது நாளே நீ என்ன சொன்ன? "ஏங்க, கடைக்காரன் புதுசா என்னமோ கலந்திருக்கான், நுரை நல்லா வருது, கையும் எரியல"ன்ன. சரி, சந்தோசமா கழுவுறாளேன்னு வாய மூடிக்கிட்டேன்.

விமலா: அப்ப... இந்தக் குவாலியில பொங்குனது...

டொமினிக்: உன்னோடதுதான்.

விமலா: அந்த வாசம்...

டொமினிக்: உன்னோடதுதான் லா. வேற யாரோடது?

விமலா: என் மூக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு! அக்கா, என் மூக்கு சரி!

எல்ஸி: கடவுளே... உன் சவுக்காரத்த மஞ்ச போத்தல்லேருந்து எடுத்து உன் போத்தல்லயே ஊத்தி வச்சிட்டு, உன்னய ஏமாத்துறேன்னு அஞ்சு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. அதுக்காக இன்னிக்குக் காலைல மண்டி போட்டு அழுதுட்டு வேற வந்தேன்!

டொமினிக்: அதுக்கு பாதர் என்ன சொன்னாரு?

எல்ஸி: மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு.

டொமினிக்: ஒண்ணத் திருப்பி வாங்கிக்க.

எல்ஸி: உங்கள நான் அப்புறம் வச்சிக்கிறேன்.

விமலா: இருங்க, போன் அடிக்குது. துளசிக்கா... ஹலோ? ஆமாக்கா, நான்தான் அடிச்சேன். இல்லக்கா... ஷிப்டுக்கு வரல. நல்லா யோசிச்சிட்டுதான் சொல்றேன். ஒரு வாடிக்க கெடச்சிருக்காங்க. அஞ்சு மாசமா விடாம வாங்குறாங்க. ம்... அவங்களுக்கே இப்பதான் தெரியும். வைக்கிறேன்க்கா.

எல்ஸி: கெளம்பு கெளம்பு. நான் சேலைய மாத்திட்டு வாரேன். ஏங்க, அந்த மஞ்ச போத்தல எடுங்க. தவுக்கேகிட்ட நான் பேசிக்கிறேன். "தெனம் இதுலதான் கழுவுறேன், தீந்தா மறுபடி வாங்குறேன்..." எனக்குத் தெரியாமலேயே!

விமலா: கடைசி வார்த்தைய மட்டும் வுட்டுருங்கக்கா.

எல்ஸி: அதுதான் லா விசேசமே! பேரப் பாத்து வாங்குறவங்க ஆயிரம் பேரு. பேரே இல்லாம கழுவிப் பாத்து, நுரையப் பாத்து, நல்லா இருக்குன்னு சொன்னவ நான் ஒருத்திதான். எந்தத் தவுக்கேயும் இத நம்பாம இருக்க முடியாது. இப்ப என்னய மைக்குல பேசச் சொல்லு, பேசுறேன் பாரு!

டொமினிக்: மைக் வேணாம். மெதுவா பேசுனாலே கம்பார் டவுன் வரைக்கும் கேக்கும்.

விமலா: அக்கா... தவுக்கே மெசேஜ் போட்டிருக்காரு.

எல்ஸி: என்னவாம்? வர வேணாங்கிறாரா?

விமலா: இல்ல. "நீ வர வேணாம், நான் உன் வீட்டுக்கே வாரேன். எங்க காய்ச்சுறன்னு பாக்கணும், உன் குசினி, சமையல்கட்டையும் பாக்கணும்"ங்கிறாரு.

எல்ஸி: நல்லதாப் போச்சு! நானும் அங்கயே வந்து சொல்லிடுறேன். குசினி சுத்தமாத்தானே இருக்கு?

விமலா: சுத்தமாத்தான் இருக்கு...

டொமினிக்: பின்ன ஏன் இப்படி முழிக்கிற?

விமலா: அண்ணே, மோட்டார எடுங்க. என்னய முன்னாடி கொண்டு போயி வுட்டுருங்க. அக்கா பின்னாடி காடியில வரட்டும்.

எல்ஸி: என்னடி அவசரம்? சேர்ந்தே போலாம். அவரு வர இன்னும் நேரம் இருக்குல்ல?

விமலா: காய்ச்சுறதெல்லாம் விக்கிறதுக்கே சரியாப் போயிடுதுக்கா... அவரு வர்றதுக்குள்ள, எங்க வீட்டு சிங்க்ல இருக்கிற கடை சவுக்காரத்த எடுத்து ஒளிச்சு வைக்கணும்!